காக்கிச் சட்டையும் கால்பந்தும்: இந்துமதி கதிரேசன்

இந்துமதி கதிரேசன் கடலூரைச் சேர்ந்தவர், 1994-இல் பிறந்தவர். இந்திய மகளிர் கால்பந்து அணிக்காக ஆடிய நடுக்கள ஆட்டக்காரர். தமிழ்நாடு காவல் துறையில் உதவி ஆய்வாளர். தமிழ்நாட்டு மகளிர் கால்பந்தின் வரலாற்றில் குறிப்பிடத்தக்க வெற்றிகளில் பெரும்பாலானவை அவர் விளையாடிய ஆண்டுகளில் கிடைத்தவை. மாநில அணி முதல் முறையாகத் தேசியப் பட்டம் பெற்றது, தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று இந்திய மகளிர் லீக்கை வென்றது, அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஆண்டின் சிறந்த வீராங்கனை விருது தமிழ்நாட்டுக்கு வந்தது ஆகிய மூன்றும் 2018-க்கும் 2024-க்கும் இடைப்பட்ட ஏழு ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தன.

இக்கட்டுரைத் தொடர் சேலம், நாமக்கல் சமவெளியின் ஊர்களைச் சுற்றி நடப்பது. பாராலிம்பிக்கில் உயரம் தாண்டிய பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு, கிரிக்கெட் பந்துவீச்சாளரான சின்னப்பம்பட்டியின் நடராஜன், 2023 ஆசிய உள்ளரங்கத் தடகளப் போட்டியில் கோலூன்றித் தாண்டி வெள்ளி வென்ற சேலத்துப் பவித்ரா வெங்கடேஷ் ஆகிய மூவருமே தனித்து நின்று திறமை காட்டியவர்கள். கிரிக்கெட் குழு ஆட்டம்தான் என்றாலும் பந்துவீச்சாளரின் திறமை ஒற்றை ஆளாகவே கண்ணில் படும். பதினொரு பெண்கள் சேர்ந்தால் மட்டுமே நடக்கக்கூடிய ஓர் ஆட்டம் தமிழ்நாட்டில் எப்படி வேர் பிடித்தது என்று பார்க்க, சமவெளியை விட்டுக் கிழக்கே கடற்கரைக்குப் போக வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் பெண்கள் கால்பந்தை முறையாக நடத்தத் தனி அமைப்பு 1975-இல் உருவானது. ஐந்தே ஆண்டுகளில், 1980-இல், ஆசிய மகளிர் போட்டி கோழிக்கோட்டில் நடந்தது. இந்தியா அதில் இரண்டு அணிகளை இறக்கியது. அவற்றில் ஒன்று இறுதிப் போட்டி வரை சென்று தைவானிடம் 0–2 என்று தோற்றது. 1983-இல் பாங்காக்கிலும் இந்தியாவுக்கு இரண்டாமிடம் கிடைத்தது. அதே ஆண்டில் வங்காளத்தின் சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதல் கால்பந்து வீராங்கனை அவர். ஆசியாவில் இரண்டாமிடம் என்பது இன்றைய இந்திய அணிக்கு எட்டாத உயரம். அந்த உயரத்தில் நின்ற பெண்களைப் பற்றி இன்று நாட்டில் மிகச் சிலருக்கே தெரியும் என்பது வருத்தத்துக்குரியது.

பின்னர் மகளிர் ஆட்டமும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் கீழ் வந்தது. 1991 முதல் மாநிலங்களுக்கு இடையிலான தேசிய மகளிர் போட்டி நடந்துவருகிறது. அப்போட்டியின் வரலாற்றை மணிப்பூரின் வரலாறு என்றே சொல்லலாம். அம்மாநிலம் இருபது முறைக்கு மேல் பட்டம் வென்றிருக்கிறது. ஓயினம் பெம்பெம் தேவி, பாலா தேவி, கமலா தேவி, ஆஷாலதா தேவி என்று தலைமுறைக்குத் தலைமுறை இந்திய அணியைத் தாங்கியவர்கள் அந்தச் சிறு மாநிலத்துப் பெண்கள். தமிழ்நாடு இந்த வரிசையில் வெகுகாலம் பின்னால் இருந்தது.

பெண்கள் பந்தை உதைப்பதற்கு உலகம் எழுப்பிய தடைகள் சிறியவை அல்ல. 1920 டிசம்பர் 26-இல் லிவர்பூலின் குடிசன் பார்க் திடலில் டிக் கெர் மகளிர் அணியின் ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 53,000 பேர் திரண்டனர். அடுத்த ஆண்டே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்புக் கழகங்களின் திடல்களில் பெண்கள் விளையாடக் கூடாது என்று தடை போட்டது. பெண்களுக்கு இவ்வாட்டம் பொருந்தாது என்பது சொல்லப்பட்ட காரணம். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அத்தடை நீடித்தது. அரை நூற்றாண்டு என்பது தாயும் மகளும் சேர்ந்து இழந்த காலம். இந்தியாவில் அப்படி எழுதப்பட்ட தடை எதுவும் இருக்கவில்லை. திடலும் காலணியும் பயணச் செலவும் கொடுக்க ஆளில்லாமல் போனதே இங்கே தடையின் வேலையைச் செய்தது.

கடலூரில் அந்த ஆள் கிடைத்தார். 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் அறுநூறு பேருக்கு மேல் பலிகொண்டது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக அரசு காப்பகம் அமைத்தது. அங்கிருந்த சிறுமிகளுக்கும், சுற்றுவட்டார ஏழைக் குடும்பங்களின் சிறுமிகளுக்கும் கால்பந்து கற்றுக்கொடுத்தவர் பயிற்சியாளர் மாரியப்பன். அவருடைய முயற்சியில் வளர்ந்தது இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாதெமி. துயரத்திலிருந்து பிள்ளைகளின் மனத்தைத் திருப்பத் தொடங்கிய பயிற்சி சில ஆண்டுகளில் மாநில அணிக்கு ஆள் தரும் இடமாக மாறியது. இந்துமதியும், பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்து இந்திய அணியின் முன்களத்தில் இடம்பிடித்த சந்தியா ரங்கநாதனும் இந்தக் கடலூர் மாவட்டத்தின் பிள்ளைகள். ஒரே மாவட்டத்திலிருந்து ஒரே காலத்தில் இத்தனை பேர் தேசிய அணிக்குச் சென்றதற்குக் காரணம் அந்த மண்ணின் தனிச் சிறப்பு என்று சொல்ல முடியாது. அன்றாடம் திடலுக்கு வரும் பயிற்சியாளர், சாப்பாடு போடும் விடுதி, சண்டை போடாமல் அனுப்பிவைக்கும் வீடு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் அமைந்தால் எந்த மாவட்டத்திலும் இது நடக்கும்.

இந்துமதி விளையாடுவது நடுக்களத்தில், முன்களத்துக்குச் சற்றுப் பின்னால். தற்காப்பு ஆட்டக்காரர்களிடமிருந்து பந்தைப் பெற்று, எதிரணியின் இரண்டு வரிசைகளுக்கு இடையில் கிடைக்கும் சிறு இடைவெளியில் திரும்பி, முன்னே ஓடும் தோழிக்கு அதைக் கொடுப்பது இந்த இடத்தின் முதல் வேலை. வாய்ப்பு கிடைத்தால் தானே பெட்டிக்குள் புகுந்து கோல் அடிப்பது இரண்டாவது. ஆட்டம் முழுக்க ஓட வேண்டியிருக்கும்; கோல் அடித்தவரின் பெயரே மறுநாள் நாளிதழில் வரும். இந்துமதியின் தனித்தன்மை இரண்டு வேலையையும் ஒருசேரச் செய்தது. இந்தியா வென்ற முக்கியமான ஆட்டங்களில் கோல் அடித்தவர் பட்டியலைப் பார்த்தால், முன்கள ஆட்டக்காரர்களுக்கு நடுவே அவர் பெயரும் இருக்கும்.

அவருடைய பெயர் பரவலாகத் தெரியவந்தது தெற்காசிய மகளிர் சாம்பியன்ஷிப்பில். 2016-க்கு உரிய அப்போட்டி டிசம்பர் கடைசியில் சிலிகுரி காஞ்சன்ஜங்கா அரங்கில் தொடங்கி, புத்தாண்டைத் தாண்டி 2017 ஜனவரி 4 அன்று முடிந்தது. இறுதி ஆட்டத்தில் இந்தியா வங்கதேசத்தை 3–1 என்று வென்றது. டாங்மேய் கிரேஸ், சஸ்மிதா மல்லிக், இந்துமதி ஆகியோர் ஆளுக்கு ஒரு கோல் அடித்தனர். இந்தியாவுக்கு அது தொடர்ச்சியாக நான்காவது தெற்காசியப் பட்டம்.

அதே மாதம் இந்திய மகளிர் கால்பந்தில் ஒரு புதிய ஏற்பாடு தொடங்கியது. 2017 ஜனவரி 28-இல் டெல்லி அம்பேத்கர் அரங்கில் இந்திய மகளிர் லீக்கின் முதல் பருவம் ஆறு அணிகளோடு ஆரம்பமானது. அதற்குச் சரியாக ஆறு நாள் கழித்து, பிப்ரவரி 3 அன்று, ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் வேறொரு பெண்கள் லீக் பிறந்தது. ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து எனப்படும் அந்நாட்டு ஆட்டத்தின் மகளிர் லீக் அது. முட்டை வடிவப் பந்து, நீள்வட்டத் திடல், ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடுவிலுள்ள இரண்டு கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி, ஓரத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி. பந்தைக் கையிலும் பிடிக்கலாம். ஆண்கள் அணியில் 18 பேர், பெண்கள் அணியில் 16 பேர். கார்ல்டனும் காலிங்வுட்டும் மோதிய முதல் ஆட்டத்துக்கு 24,568 பேர் வந்தனர். அரங்கு நிறைந்து கதவை அடைத்த பிறகும் வெளியே கூட்டம் நின்றது.

ஒரே வாரத்தில் பிறந்த இவ்விரு லீக்குகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. ஆஸ்திரேலியாவில், நூறாண்டு பழமையுள்ளவை உட்பட, ஆண்கள் கழகங்கள் தங்கள் சட்டையையும் சின்னத்தையும் ரசிகர்களையும் பெண்கள் அணிக்குக் கொடுத்தன. அதனால்தான் முதல் நாளே கூட்டம் வந்தது. 2019-இல் அடிலெய்டு ஓவல் திடலில் நடந்த இறுதிப் போட்டிக்கு 53,034 பேர் வந்தனர். அதில் அடிலெய்டு அணி கார்ல்டனை வென்றது. அவ்வணியின் எரின் பிலிப்ஸ் முழங்கால் தசைநார் அறுந்து வெளியே தூக்கிச் செல்லப்பட்டும், அந்த ஆட்டத்தின் சிறந்த வீராங்கனையாகத் தேர்வானார். அவர் அதற்கு முன் கூடைப்பந்தில் ஆஸ்திரேலியாவுக்காக ஒலிம்பிக் வெள்ளி வென்றவர். பதின்மூன்று வயது வரை பையன்களோடு இந்தக் கால்பந்தை விளையாடியவருக்கு, அதற்குமேல் பெண்களுக்கென்று வழி இல்லாததால் கூடைப்பந்துக்குப் போக வேண்டியிருந்தது. முப்பத்தோரு வயதில்தான் தன் சொந்த ஆட்டத்துக்குத் திரும்ப முடிந்தது.

இந்திய மகளிர் லீக்குக்கு அத்தகைய வாழ்த்துக் கூட்டம் இல்லை. ஆண்கள் லீக்கின் பெரிய கழகங்களில் பல, தொடக்கத்தில் பெண்கள் அணியே வைத்திருக்கவில்லை. ஓர் ஊரில் அணிகளைக் கூட்டி, சில வாரங்களுக்குள் எல்லா ஆட்டங்களையும் முடித்து அனுப்பிவிடும் முறையே பல பருவங்களுக்கு நீடித்தது. கழகங்கள் சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலும் மாறி மாறி விளையாடும் முறை 2023–24 பருவத்தில்தான் வந்தது. ஆனால் இந்தக் குறையின் நடுவேதான் தமிழ்நாட்டுக்கு ஒரு கதவு திறந்தது. பெரிய கழகங்கள் வராத இடத்தில் சிறிய ஊர்களின் அணிகள் நுழைந்தன. 2017–18 பருவத்தின் இறுதிச் சுற்று ஷில்லாங்கில் நடந்தபோது, ஏழு அணிகளில் இரண்டு தமிழ்நாட்டுடையவை: கடலூரின் இந்திரா காந்தி அகாதெமி, மதுரையைத் தளமாகக் கொண்ட சேது எஃப்.சி. சேது அணிக்குப் பின்னால் நின்றது காரியாபட்டியின் பொறியியல் கல்லூரி ஒன்று. காப்பகத்துப் பிள்ளைகளுக்காக வளர்ந்த அகாதெமியும் கல்லூரிக் கழகமும் நாட்டின் முதல் ஏழு அணிகளுக்குள் இருந்தன என்பதை இந்த வரலாற்றை எழுதும் எவரும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

அதே பருவத்தில் மாநில அணியும் வென்றது. 2018 பிப்ரவரியில் கட்டாக்கின் பாராபதி அரங்கில் தேசிய மகளிர் போட்டியின் இறுதி ஆட்டம். எதிரில் மணிப்பூர். தமிழ்நாடு 2–1 என்று வென்றது. மாநிலத்தின் முதல் தேசியப் பட்டம் அது. மணிப்பூரை எதிர்த்து இறுதியில் நிற்பது என்பதே பல மாநிலங்களுக்குக் கனவு. அங்கே சிறுமிகள் தெருவிலேயே பந்தோடு வளர்கிறார்கள். ஊர்க் கழகங்கள் பல பத்தாண்டுகளாகப் பெண்கள் அணிகளை நடத்துகின்றன. தமிழ்நாட்டு அணியின் பெரும்பாலான பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் கண்ணில் பட்டதால் ஆட்டத்துக்கு வந்தவர்கள்.

அடுத்த ஆண்டு, 2019, இந்துமதியின் ஆட்ட வாழ்வில் நிறைவான ஆண்டு. மார்ச் மாதம் நேபாளத்தின் விராட்நகரில் தெற்காசியப் போட்டி. தொடக்கச் சுற்றில் மாலத்தீவை 6–0 என்றும் இலங்கையை 5–0 என்றும் இந்தியா வென்றது. இரண்டு ஆட்டத்திலும் இந்துமதி கோல் அடித்தார். அரையிறுதியில் வங்கதேசத்தை 4–0 என்று வென்றபோது அவர் அடித்தவை இரண்டு. ஆக நான்கு கோல்கள். போட்டியிலேயே அதிக கோல் அடித்தவர்கள் வரிசையில் நேபாளத்தின் சபித்ரா பண்டாரியோடு அவர் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். இறுதி ஆட்டத்தில் சொந்த ஊர்க் கூட்டத்தின் முன் ஆடிய நேபாளத்தை 3–1 என்று வீழ்த்தி இந்தியா ஐந்தாவது முறையாகப் பட்டம் பெற்றது.

இரண்டு மாதம் கழித்து, எதிரெதிராக நின்ற அதே சபித்ராவும் இந்துமதியும் லூதியானாவில் ஒரே அணியில் நின்றனர். அது சேது எஃப்.சி. அரையிறுதியில் எல்லைக் காவல் படையான சசஸ்திர சீமா பல்லின் அணியை 8–1 என்று வென்ற சேது, 2019 மே 22 அன்று குருநானக் அரங்கில் மணிப்பூர் காவல் அணியை 3–1 என்று தோற்கடித்தது. இந்திய மகளிர் லீக்கை வென்ற முதல் தமிழ்நாட்டுக் கழகம் சேது. அதன் பயிற்சியாளர் அம்ருதா அரவிந்த் ஒரு பெண். பெண்கள் லீக்கில் பட்டம் வென்ற அணியைப் பயிற்றுவித்தவர் பெண் என்பதைச் செய்தியாகச் சொல்ல வேண்டியிருக்கும் நிலை மாற வேண்டும். அந்த ஆண்டு தீபாவளிக்கு வந்த ‘பிகில்’ திரைப்படம் தமிழ்நாட்டு மகளிர் கால்பந்து அணியின் கதையைக் கோடிக்கணக்கானவர்களிடம் கொண்டுசென்றது. திரையில் அந்த வெற்றியைக் கொண்டாடியவர்களில் பலருக்கு, ஒன்றரை ஆண்டுக்கு முன்பே கட்டாக்கில் உண்மையான தமிழ்நாட்டு அணி தேசியப் பட்டம் வென்றிருந்தது தெரியாது.

இத்தனை வெற்றிகளுக்கும் நடுவே மகளிர் கழகக் கால்பந்து இந்தியாவில் முழு ஆண்டுச் சம்பளம் தரும் தொழிலாக இருக்கவில்லை. சில வார லீக்குக்கு ஒப்பந்தம், தேசிய முகாமுக்குப் படி, அவ்வளவுதான். மீதி மாதங்களுக்கு வயிற்றுப்பாட்டுக்கு வழி வேண்டும். இந்துமதிக்கு அந்த வழி காவல் துறை. தமிழ்நாட்டில் காவலர், உதவி ஆய்வாளர் தேர்வுகளில் விளையாட்டு வீரர்களுக்கு 10 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. பொதுவான அரசு வேலைகளில் இது 3 விழுக்காடு. ரயில்வே, எல்லைக் காவல் படைகள், மாநிலக் காவல் துறைகள் ஆகியவைதான் இந்தியப் பெண் விளையாட்டு வீரர்களின் உண்மையான புரவலர்கள். மணிப்பூரின் பாலா தேவி அம்மாநிலக் காவல் துறையில் இருந்தவர். ரயில்வே அணி தேசியப் போட்டியில் பலமுறை இறுதி வரை வந்தது. வீட்டில் பெண்ணை விளையாட அனுப்பலாமா என்று கேட்கும் பெற்றோருக்குக் கோப்பையைவிட வேலை உத்தரவு வலுவான பதில்.

காவல் துறையில் இந்துமதி ஏற்ற பொறுப்பு பெயரளவிலானது அல்ல. 2020 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது ஆட்டங்கள் எல்லாம் நின்றன. இந்திய அணியின் மற்றவர்கள் வீட்டுக்குள் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த வாரங்களில், இந்துமதி சென்னை அண்ணா நகர்ப் பகுதியில் முகக்கவசத்தோடு சாலையில் நின்று ஊரடங்குப் பணி பார்த்தார். தேவையின்றி வெளியே வந்த வண்டிகளைத் திருப்பி அனுப்புவது, கடைகளில் இடைவெளி விட்டு நிற்கச் சொல்வது, இரவு ரோந்து ஆகியவை அவருடைய வேலை. இந்திய அணியின் வீராங்கனை ஒருவர் தெருவில் நிற்கிறார் என்று நாளிதழ்கள் படத்தோடு எழுதின.

இரண்டு வேலை பார்ப்பது இந்தியாவுக்கு மட்டும் உரியதில்லை. ஆஸ்திரேலிய மகளிர் லீக்கின் முதல் பருவத்தில் பெரும்பாலான வீராங்கனைகளுக்குக் கிடைத்தது 8,500 ஆஸ்திரேலிய டாலர்; அணிக்கு இருவர் என்ற கணக்கில் எடுக்கப்பட்ட நட்சத்திரங்களுக்கு 27,000. அந்நாட்டில் ஓராண்டு குடும்பம் நடத்த அது போதாது. மெல்போர்ன் அணியின் முதல் தலைவரும் அந்த லீக்கின் முகமாகவே அறியப்பட்டவருமான டெய்சி பியர்ஸ் மகப்பேறு செவிலியர். தீயணைப்பு வீரர்கள், ஆசிரியர்கள், மாணவிகள் என்று பலரும் வேலை முடிந்து மாலையில் பயிற்சிக்கு வந்தனர். பின்னர் சம்பளம் படிப்படியாக உயர்ந்தது. எட்டு அணிகளாகத் தொடங்கிய லீக் 2022 ஆகஸ்டில் 18 அணிகளாக விரிந்தது. அந்த நாட்டில் வேறு வேலை என்பது லீக் வளரும் வரை தாங்கிய முட்டு. இங்கே அரசு வேலை இன்னும் அடித்தளமாகவே இருக்கிறது. லீக்கில் கிடைப்பது அதன் மேல் சேரும் கூடுதல் வருமானம்.

சேலம், நாமக்கல் சமவெளிக்கும் இது புதிய செய்தி இல்லை. 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற மாரியப்பன் தங்கவேலுவுக்கு நிரந்தர அரசு நிறுவன வேலை, டி.என்.பி.எல். காகித ஆலையில் துணை மேலாளர் பதவி, 2021-இல்தான் கிடைத்தது. பாராலிம்பிக் பதக்கத்துக்கும் நிரந்தர வேலைக்கும் நடுவே ஐந்து ஆண்டுகள். நாமக்கல்லில் மாணவிகளுக்கான அரசு விளையாட்டு விடுதி இருக்கிறது. குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று பள்ளி ஆட்டங்கள் ஆண்டுதோறும் நடக்கின்றன. பதினான்கு வயதில் நன்றாக ஓடும் சிறுமிகள் ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் ஆத்தூரிலும் குறைவில்லை. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு, நாமக்கல் பகுதி பெயர்பெற்ற தேர்வுப் பயிற்சிக்கும் கல்லூரிக்கும் கல்யாணத்துக்கும் நடுவே ஆட்டம் கைவிட்டுப் போகிறது. கடலூரில் நடந்ததில் இந்த ஊர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வயதுக்குப் பின் இருக்கும் கண்ணிகளைத்தான்: அகாதெமியிலிருந்து மாநில அணி, அங்கிருந்து கழகம், பின் வேலை, வேலையில் சேர்ந்த பிறகும் விளையாட விடுப்பு. ஒரு கண்ணி அறுந்தாலும் இருபது வயதில் ஆட்டம் முடிந்துவிடும்.

2022-இல் இந்திய மகளிர் கால்பந்துக்குக் கிடைக்க வேண்டிய பெரிய மேடை கண்முன்னே சரிந்தது. ஆசியக் கோப்பை அந்த ஆண்டு மும்பை, நவி மும்பை, புனே நகரங்களில் நடந்தது. போட்டியை நடத்தும் நாடு என்ற முறையில் இந்தியா நேரடியாக இடம்பெற்றது. இந்துமதி அணியில் இருந்தார். தமிழ்நாட்டின் கார்த்திகா அங்கமுத்துவும் இருந்தார். ஜனவரி 20 அன்று ஈரானோடு ஆடி 0–0 என்று முடிந்தது. மூன்று நாள் கழித்து சீனத் தைபேயை (தைவான் அணியை) எதிர்கொள்ள வேண்டிய நேரத்தில் இந்திய முகாமில் கொரோனா பரவி, களத்தில் இறக்கப் போதிய ஆள் இல்லாத நிலை வந்தது. ஆட்டம் ரத்தானது. விதிப்படி இந்தியா போட்டியிலிருந்தே விலகியதாகக் கொள்ளப்பட்டு, ஈரானோடு ஆடிய ஆட்டமும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. அரையிறுதி வரை போயிருந்தால் உலகக் கோப்பைக்கு நேர்வழி இருந்தது. சொந்த மண்ணில் ஒரே ஓர் ஆட்டத்தோடு எல்லாம் முடிந்தது. ஆண்டுக்கணக்கில் அதற்காகத் தயாரான பெண்களுக்கு நேர்ந்தது அநீதி என்றே சொல்ல வேண்டும். நோய் பரவிய அணிக்கு ஆட்டத்தைத் தள்ளிவைக்க விதியில் இடம் இருந்திருக்க வேண்டும்.

அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொரு அடி. கூட்டமைப்பின் நிர்வாகத்தில் வெளியார் தலையீடு இருப்பதாகக் கூறி உலகக் கால்பந்து அமைப்பு இந்தியாவை இடைநீக்கம் செய்தது. பதினொரு நாளில் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. அதற்குள், ஆசிய மகளிர் கழகப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் போய்ச் சேர்ந்திருந்த கோகுலம் கேரளா அணி ஆட முடியாமல் திரும்பியது. நிர்வாகிகளின் சண்டைக்கு விலை கொடுத்தவர்கள் அந்தப் பெண்கள்.

இந்துமதி 2022–23 பருவத்தில் அந்தக் கோகுலம் அணிக்கு விளையாடினார், சந்தியாவும் அங்கேதான். அகமதாபாத்தில் நடந்த இறுதியில் கோகுலம் பெங்களூரின் கிக்ஸ்டார்ட் அணியை 5–0 என்று வென்று மூன்றாவது முறையாகப் பட்டம் பெற்றது. அடுத்த மாதமே, 2023 ஜூனில், தேசியப் போட்டியின் இறுதிச் சுற்று அமிர்தசரஸில் நடந்தது. தமிழ்நாடு இறுதி ஆட்டத்தில் ஹரியானாவை 2–1 என்று வென்று இரண்டாவது முறையாகத் தேசியப் பட்டத்தைக் கொண்டுவந்தது. கட்டாக்கில் வென்றது எதேச்சையாக நேர்ந்தது என்று நினைத்தவர்களுக்கு இந்த இரண்டாவது பட்டம் போதுமான விடை. கட்டாக் அணியின் இளம்பெண்கள் அமிர்தசரஸில் மூத்தவர்களாக நின்று புதியவர்களை வழிநடத்தினர்.

2024 பிப்ரவரியில் துருக்கியின் அலன்யாவில் நடந்த மகளிர் கோப்பையில் இந்தியா எஸ்தோனியாவை 4–3 என்று வென்றது. ஐரோப்பிய நாட்டின் மூத்தோர் அணி ஒன்றை இந்திய மகளிர் அணி வென்றது அதுவே முதல் முறை. மனிஷா கல்யாண் இரண்டு கோல் அடித்தார். இந்துமதியும் ப்யாரி சாசாவும் ஆளுக்கு ஒன்று. அந்தப் போட்டியில் இந்தியா இரண்டாமிடம் பெற்றது. 2023–24 பருவத்துக்கான ஆண்டின் சிறந்த வீராங்கனை விருதுக்கு அகில இந்தியக் கூட்டமைப்பு இந்துமதியைத் தேர்ந்தெடுத்தது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டும் அவ்விருதைப் பெற்றவர் பஞ்சாபின் மனிஷா கல்யாண். அதற்கு முன் அது பெரும்பாலும் மணிப்பூருக்கே போனது. முப்பது வயதை எட்டும் நேரத்தில், பத்தாண்டுக்கு அருகில் தேசிய அணியில் ஓடிய பிறகு, நடுக்கள ஆட்டக்காரர் ஒருவருக்கு அந்த விருது வந்து சேர்ந்தது.

2025 ஜூன், ஜூலையில் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் நடந்த ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியா மங்கோலியா, தைமூர் லெஸ்தே, ஈராக் அணிகளை வென்று, கடைசி ஆட்டத்தில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2–1 என்று தோற்கடித்தது. தகுதிச் சுற்றின் வழியாக இந்திய மகளிர் அணி ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது அதுவே முதல் முறை. கார்த்திகா அங்கமுத்து அந்த அணியில் இருந்தார். 2026 மார்ச் மாதத்துக்கு நிர்ணயிக்கப்பட்ட அக்கோப்பையை நடத்தும் பொறுப்பு ஆஸ்திரேலியாவுக்குத் தரப்பட்டிருந்தது. ஜப்பான், வியட்நாம், சீனத் தைபே அணிகளோடு இந்தியா ஒரே பிரிவில் வைக்கப்பட்டது. 2022-இல் ஆடாமல் போன அதே சீனத் தைபே மீண்டும் எதிரில் வந்தது.